தந்தை கூட்டிச்சென்ற பயணங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் என்றவுடன் கடல் கடந்த பயணங்களும் மலையேறிய பயணங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை அப்படிப்பட்டவையல்ல. ஒரு தகப்பன் தன் சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுப் படியிறங்குகிறான். திருவிழாவுக்கோ கடைத்தெருவுக்கோ ஆற்றங்கரைக்கோ போகிறான். அன்று மாலையோ மறுநாளோ திரும்பி வந்துவிடுகிறான். ஊரார் கண்ணுக்கு அது ஒரு செய்தியே அல்ல. ஆனால் பிள்ளையின் நெஞ்சில் அது ஐம்பது ஆண்டுகளுக்கு அழியாமல் இருந்துவிடக்கூடும்.

1926 முதல் 1928 வரையான மூன்று ஆண்டுகளுக்குள் சீன எழுத்தாளர் மூவர் இத்தகைய சிறு பயணங்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் லூ சுன். மற்றொருவர் சூ சீச்சிங். மூன்றாமவர் ஓவியராகவும் கட்டுரையாளராகவும் விளங்கிய பெங் சிகாய். இவர்களுள் லூ சுன் நமக்குப் புதியவரல்லர். மலையகம் தந்த மூத்த எழுத்தாளர் கே. கணேஷ் அவரது சிறுகதைகளைத் தமிழாக்கி நமக்கு அறிமுகம் செய்திருக்கிறார். மற்ற இருவரும் நம்மிடையே அதிகம் பேசப்படாதவர்கள். சீன மொழி அறியாத நான் இவர்களை மொழிபெயர்ப்பு வழியாகவே படித்தேன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் லூ சுன். அவர் 1881இல் செச்சியாங் மாகாணத்துச் சாவோசிங் நகரிற் பிறந்தவர். கால்வாய்கள் நிறைந்த ஊர் அது. உறவினர் வீட்டுக்கும் கோயிலுக்கும் வள்ளத்திலே போய்வருவது அங்கே வழக்கம். 1926இல் அவர் தம் இளமை நினைவுகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். 1928இல் அவை நூலாகின. விடியலில் மலர்ந்த பூக்களை அந்தியிற் பொறுக்குதல் என்பது அந்நூற்பெயரின் பொருள். அதிலுள்ள ஒரு கட்டுரை, ஐந்து உக்கிர தெய்வங்களுக்கு எடுக்கப்படும் ஒரு திருவிழாவைப் பார்க்கப் போன கதையைச் சொல்கிறது.

சிறுவனுக்கு அப்போது ஏழு வயதளவு. விழா நடக்கும் துங்குவான் என்ற ஊர் வீட்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரம். அங்கே போகக் கிடைப்பது பெரும் பேறு. முதல்நாள் இரவே பெரிய வள்ளம் ஒன்றைப் பேசி வைத்தாயிற்று. விடியுமுன்னரே அது படித்துறையில் வந்து நிற்கிறது. வேலையாட்கள் கதிரைகளையும் உணவையும் தேநீர் அடுப்பையும் பலகாரப் பெட்டியையும் ஒவ்வொன்றாக வள்ளத்தில் ஏற்றுகிறார்கள். சிறுவன் சிரித்துத் துள்ளி அவர்களை அவசரப்படுத்துகிறான். திடீரென்று ஒரு வேலையாளின் முகம் மாறுகிறது. சிறுவன் திரும்பிப் பார்க்கிறான். பின்னால் தந்தை நிற்கிறார்.

புத்தகத்தை எடுத்துவரும்படி தந்தை சொல்கிறார். சீன வரலாற்றைச் செய்யுளிற் சொல்லும் பாலபாட நூல் அது. இருபது முப்பது வரிகளைத் தாமே வாசித்துக் காட்டுகிறார். இவற்றை மனனம் செய்து ஒப்புவித்தாற்றான் விழாவுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

அவ்வரிகளின் பொருள் பிள்ளைக்கு விளங்கவில்லை. விளங்காத வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக மண்டைக்குள் இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. சாமான் எல்லாம் ஏறிவிட்டன. வீடு அமைதியாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது. தாயும் ஆயாவும் வேலையாட்களும் அவனைக் காப்பாற்ற வழியறியாமற் பேசாது காத்திருக்கிறார்கள். அந்த அமைதியிலே தன் குரல் நடுங்குவதை அவனே கேட்கிறான். கடைசியில் எழுந்து, தந்தையின் அறைக்குப் போய், ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுகிறான். தந்தை தலையசைத்து விடை கொடுக்கிறார். எல்லோருக்கும் உயிர் வந்துவிடுகிறது. வேலையாள் ஒருவன் சிறுவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறான்.

ஆனால் சிறுவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. வழியெல்லாம் கண்ட காட்சியும் பெட்டியில் இருந்த பலகாரமும் விழாவின் ஆரவாரமும் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. எழுதும்போது லூ சுன்னுக்கு வயது 44. மனனம் செய்த வரிகள் மறந்துபோயின. விழாவும் மறந்துபோயிற்று. ஒப்புவித்த அந்தக் காலைப்பொழுது மட்டும் நேற்று நடந்ததுபோல நினைவில் நிற்கிறது. தந்தை அந்த நேரம் பார்த்து ஏன் அப்படிச் செய்தார் என்பது தமக்கு இன்னும் விளங்கவில்லை என்ற அளவோடு கட்டுரையை முடித்துவிடுகிறார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அத்தந்தை கொடியவரல்லர். வள்ளத்துக்கு அனுமதி தந்தவரும் அவரே. பிள்ளைக்குப் படிப்பு வரவேண்டும் என்று கவலைப்பட்டவரும் அவரே. 1896இல், லூ சுன் பதின்ம வயதினராய் இருக்கும்போதே, நெடுநாள் நோயால் அவர் இறந்துபோனார். தந்தையின் நோயைப் பற்றி அதே நூலில் இன்னொரு கட்டுரை உண்டு. அதைப் படிப்பவர்கள் அந்த மகனின் பாசத்தை ஐயுறமாட்டார்கள். அன்பில்லாமையால் நேர்ந்த தீங்கு அல்ல இது. அன்புள்ள ஒருவர், பிள்ளை எந்தப் பயணத்திலே இருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறியதால் நேர்ந்தது. வள்ளம் புறப்படுவதற்கு முன்பே பிள்ளை புறப்பட்டுவிட்டிருந்தது. தந்தைக்கு அது தெரியவில்லை.

இதற்கு ஏழாண்டு முன்னர், 1919இல், நாம் இனி எவ்வாறு தந்தையராய் இருப்பது என்ற பொருளில் லூ சுன் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இருளின் கதவைத் தன் தோளிலே தாங்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வெளிச்சத்துக்குப் போகவிடுபவனே தந்தை என்பது அதன் சாரம். அதை எழுதியபோது அவருக்குப் பிள்ளையில்லை. அவரது ஒரே மகன் பிறந்தது 1929இல்.

திருவிழாக் கட்டுரையை நான் முதன்முதலிற் படித்தது பல்கலைக்கழக நாட்களில். பழைய கல்விமுறைக்கு எதிரான குரல் என்று குறிப்பெழுதி வைத்தேன். அது என்னைப் பற்றியும் எழுதப்பட்டது என்பது விளங்கப் பல வருடங்கள் சென்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு விடுமுறையில் என் மகளைக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. விடியவே சட்டை மாற்றி, வாளியையும் இரண்டு சிரட்டையையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தமிழ்த்தினப் போட்டிக்கு இரண்டு கிழமையே இருந்தது. “பிள்ளை, அந்தப் பத்துக் குறளையும் ஒருக்காச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுவம்” என்றேன். ஏழாவது குறளிலே தடுமாறினாள். திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி விறாந்தையிலே பேசாமல் இருந்தார். நாலாம் முறை பிழையில்லாமற் சொன்னாள். எனக்கு மகிழ்ச்சிதான். கடற்கரையில் அவள் வாளியைத் தொடவேயில்லை. கொஞ்ச நேரத்தில், “வீட்டை போவமே அப்பா?” என்று கேட்டாள். வெயில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அன்றிரவு படுக்கையிலேதான் அந்தப் படித்துறையும், சாமான் ஏற்றிய வள்ளமும், பேசாது காத்திருந்த தாயும் என் நினைவுக்கு வந்தார்கள். தமிழ் படிப்பிக்கிற நான் அன்று குறளைக் கொண்டே ஒரு பிள்ளையின் கடலை மூடிவிட்டேன்.

அடுத்தவர் சூ சீச்சிங். 1898இற் பிறந்து 1948இல் மறைந்தவர். தந்தையின் முதுகுத் தோற்றத்தைப் பற்றி 1925இல் அவர் எழுதிய சிறு கட்டுரையைச் சீனப் பாடசாலை மாணவர்கள் பாடமாகப் படித்து வருகிறார்கள். அதிலே சொல்லப்படும் நிகழ்ச்சி 1917ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்குரியது. பாட்டி இறந்துவிட்டார். தந்தைக்கு வேலையும் போய்விட்டது. பீக்கிங்குக்குப் படிக்கத் திரும்பும் மகனை வழியனுப்பத் தந்தை புக்கோ புகையிரத நிலையத்துக்கு வருகிறார். மகன் சிறு பிள்ளையல்லன், இருபது வயதுக்காரன். ஆனாலும் தந்தைக்கு மனம் கேட்கவில்லை. அவனுக்குத் தோடம்பழம் வாங்குவதற்காகத் தண்டவாளத்தைக் கடந்து, எதிர்ப்பக்க மேடையில் தம் பருத்த உடம்போடு கையூன்றி ஏறுகிறார். அந்த முதுகைப் பார்த்து மகனின் கண் கலங்குகிறது. கதை அவ்வளவே.

இக்கட்டுரையை அறிந்தவர்கள் பலர். இதற்கு மூன்றாண்டு பின்னர் அதே மகன் தந்தையான நிலையில் எழுதியதை அறிந்தவர்கள் சிலரே. 1928 ஒக்டோபரில் ஷங்ஹாயின் சிறுகதை மாத இதழில் ‘பிள்ளைகள்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று சூ சீச்சிங் எழுதியது. மற்றையது அவருடைய நண்பர் பெங் சிகாய் எழுதியது. இருவரும் ஒரே ஆண்டில், ஒரே மாதத்திற் பிறந்தவர்கள். செச்சியாங்கின் வெள்ளைக்குதிரை ஏரிக்கரையில் இருந்த ஒரு பாடசாலையில் இருவரும் ஆசிரியராய் இருந்தவர்கள்.

சூ சீச்சிங்கின் கட்டுரை ஒரு குற்ற ஒப்புதல். அவருக்கு அப்போது ஐந்து பிள்ளைகள். வருமானம் போதாது. வீட்டில் எந்நேரமும் சண்டையும் அழுகையும். எழுதவோ படிக்கவோ அமைதியில்லை. பொறுமையிழந்து பிள்ளைகளை அடித்திருக்கிறார். அதை அவர் மறைக்கவில்லை. மூத்த மகன் ஆஜியுவைப் பற்றித் தம் தந்தை எழுதிய கடிதமொன்றையும் நினைவுகூர்கிறார். உன்னை நான் கெடவிடவில்லை, நீயும் அவனைக் கெடவிடாதே என்ற கருத்து அக்கடிதத்தில் இருந்தது. தோடம்பழம் வாங்கத் தண்டவாளம் கடந்த அதே தந்தை எழுதிய கடிதம் அது. அதைப் படித்து அழுததாகச் சூ சீச்சிங் சொல்கிறார்.

அக்கட்டுரையில் ஒரு சிறு நடை வருகிறது. பீக்கிங்கில் வேலை. எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போக வசதியில்லை. ஆஜியுவையும் அவன் தங்கை ஒருத்தியையும் பாட்டியோடு யாங்சோவில் விட்டுப் போவதென்று முடிவாகிறது. பிரியும் நாளில் ஷங்ஹாயில் ஒரு விடுதியிலிருந்து, பாட்டி தங்கியிருக்கும் உறவினர் வீட்டுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு தந்தை நடக்கிறார். பிள்ளைகளுக்கு ஏதாவது தின்ன வாங்கிக் கொடுக்கும்படி மனைவி சொல்லிவிட்டிருக்கிறார். நாலாம் வீதியில் ஒரு பலகாரக் கடைக்குள் நுழைகிறார்கள். மகன் புகையூட்டிய மீன் வேண்டும் என்கிறான். தந்தை வாங்கிக் கொடுக்கிறார். தங்கைக்குப் பிஸ்கற் வாங்குகிறார். பிறகு ட்ராம் வண்டியிலே போகிறார்கள். இறங்கும்போது அந்தச் சிறுவன் பயந்து தடுமாறுவதைப் பார்த்துத் தந்தையின் மனம் இளகுகிறது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு கடை, ஒரு துண்டு மீன், ஒரு ட்ராம் வண்டி. ஆனால் புக்கோ நிலையத்துத் தோடம்பழத்தையும் ஷங்ஹாய்க் கடையின் மீனையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பாருங்கள். பிள்ளைக்குச் சொல்ல முடியாததைத் தந்தை ஒரு தின்பண்டமாக வாங்கிக் கொடுக்கிறார். தலைமுறைக்குத் தலைமுறை இதுவே நடக்கிறது. அடித்த கை வாங்கிக் கொடுத்த மீன் அது. தம் பிள்ளைகளோடு போன எத்தனையோ நடைகளில் இந்த ஒன்றை அவர் வரிவரியாக எழுதியதற்குக் காரணம், அன்று அவர் முதன்முறையாக மகனின் பக்கத்தில் நடந்தார் என்பதே என்று எனக்குப் படுகிறது.

மூன்றாமவர் பெங் சிகாய். சூ சீச்சிங் தம் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார் என்றால், பெங் சிகாய் தம் பிள்ளைகளிடம் பாடம் கேட்டார் எனலாம். தூரிகையால் நாலைந்து கோடுகளில் ஒரு வாழ்க்கையைக் காட்டிவிடும் ஓவியர் அவர். அவ்வோவியங்களில் வருபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே. ஒன்றிலே சிறு மகன் ஜான்ஜான் இரண்டு ஓலை விசிறிகளைக் கால்களுக்கிடையே முன்னும் பின்னுமாகப் பிடித்துச் சைக்கிள் ஓடுகிறான். மற்றொன்றிலே மகள் ஆபாவ் நாலுகால் ஸ்ரூல் ஒன்றுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு வெறும் காலுறையோடு நிற்கிறாள். நம் பிள்ளைத்தமிழிற் சிறுதேர்ப் பருவம் உண்டு. அங்கே பிள்ளை உருட்டும் தேரைப் புலவர் வெளியே நின்று புகழ்ந்து பாடுகிறார். பெங் சிகாய் தேரைப் புகழவில்லை. அந்த விசிறி பிள்ளைக்கு உண்மையாகவே சைக்கிள் என்பதை ஏற்றுக்கொண்டு வரைகிறார்.

அவர் எழுதிய கட்டுரை ஒன்று, பிள்ளையிடமிருந்து தாம் பெற்ற தெளிவைப் பற்றியது. ஓரிரவு மூன்று கிண்ணம் மது அருந்திவிட்டு, படிக்கவும் மனமின்றி உறங்கவும் மனமின்றி, நான்கு வயது ஜான்ஜானை முழங்காலில் இருத்தி விளையாட்டாக ஒரு கேள்வி கேட்கிறார். உனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது என்ன? பிள்ளை அண்ணாந்து சற்று யோசித்துவிட்டுச் சொன்ன விடை தந்தையைத் திடுக்கிடச் செய்கிறது. போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியதுதான் தனக்கு மிகவும் பிடித்தது என்கிறான்!

அது என்ன என்று தெரியுமா என்று தந்தை கேட்கிறார். பிள்ளைக்குத் தெரியும். அப்பா, அம்மா, அக்காமார் எல்லோரும் சேர்ந்து மோட்டார் வண்டியில் ஏறிப் பெரிய கப்பல் பார்க்கப் போவதற்குப் பெயர் அது.

நடந்தது இதுதான். 1927ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஷங்ஹாய் அப்போது சுன் சுவான்பாங் என்ற படைத்தலைவனின் ஆட்சியிலிருந்து தேசியப் புரட்சிப் படையின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. பெங் சிகாயின் குடும்பம் நகரின் வடக்கே கியாங்வான் பகுதியில் இருந்தது. திடீரெனத் துப்பாக்கியும் பீரங்கியும் முழங்கின. அயலவரோடு சேர்ந்து பக்கத்திலிருந்த ஒரு பெண்கள் சிறுவர் காப்பகத்துக்குள் ஓடிப் புகுந்தார்கள். அங்கே பூந்தோட்டமும் செயற்கைக் குன்றும் வெண்புறாக்களும் இருந்தன. பெரியவர்கள் வெடியோசையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குன்றிலே ஏறி இறங்கினார்கள். ஓசை நெருங்கியது. குன்றிலிருந்தும் கைபிடிச் சுவரிலிருந்தும் பிள்ளைகளைப் பிடித்திழுத்து மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, குவாங்பூ ஆற்றங்கரையிலிருந்த ஷங்ஹாய்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பறந்தார்கள். மாலையில் தந்தை ஆற்றங்கரைப் புல்லில் அமர்ந்து, விட்டு வந்த வீட்டை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பூப்பறித்தார்கள், புல்லிலே உருண்டார்கள், பாய்க்கப்பலையும் நீராவிக்கப்பலையும் போட்டி போட்டுப் பார்த்தார்கள். அடுத்த நாள் அமைதி திரும்பியது. எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

எவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்றான பிறகு எண்ணிப் பார்த்தால், குடும்பமாக இரண்டு நாள் உல்லாசப் பயணம் போய்வந்தது போலவே இருக்கிறது என்று பெங் சிகாய் எழுதுகிறார். நாம் எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் காரணத்தையும் விளைவையும் அதனால் வரும் இலாப நட்டத்தையுமே காண்கிறோம், பிள்ளையோ அந்த வலையிற் சிக்காமற் பொருளையே காண்கிறது என்பது அவர் கண்ட தெளிவு.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவிடுவேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது எனக்குப் பதினாறு வயது. தம்பிக்கு ஐந்து. மழை. செம்மணி வீதியில் நடக்க இடமில்லாத சனம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்பாரிலே தம்பி, பின்னாலே அரிசிச் சாக்கு, கைபிடியிலே பானையும் விளக்கும். நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட எத்தனை மணித்தியாலம் சென்றது என்று எனக்கு இன்றும் கணக்கில்லை. அம்மா சத்தமின்றி அழுதுகொண்டே வந்தார். தம்பி உழவு இயந்திரங்களை எண்ணிக்கொண்டு வந்தான். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ்ப் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம். அது அவனுக்குப் பெரும் கொண்டாட்டம். அடுத்த ஆண்டு வீடு திரும்பிச் சில மாதங்களின் பின், ஓரிரவு சாப்பிடும்போது அவன் கேட்டான்: “அப்பா, இனி எப்ப அப்பிடி எல்லாரும் சேர்ந்து போவம்?” அப்பா கையைக் கழுவிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நான் தம்பியை ஏசினேன்.

பெங் சிகாய்க்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இரண்டே நாளில் எல்லாம் முடிந்து, எவருக்கும் சேதமில்லாமல் அவர் வீட்டுச் சன்னலைத் திறக்க முடிந்தது. அதனாலே அவரால் அதைப் பயணம் என்று சொல்ல முடிந்தது. நம்மில் எத்தனையோ பேருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. ஆகவே அவரது கட்டுரையைக் கொண்டு நம் துயரத்துக்கு மெருகிடக் கூடாது என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு.

ஆனால் அவருடைய வாழ்வும் அதோடு நின்றுவிடவில்லை. 1933இற் சொந்த ஊரான ஷிமெனில் அவர் ஆசையோடு ஒரு வீடு கட்டினார். 1937 நவம்பர் 6ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அவ்வூரிற் குண்டு வீசின. அதே மாதம் 21ஆம் திகதி முதிய மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவர் வெளியேறினார். 1938இன் தொடக்கத்தில் வீடு அழிந்தது. இம்முறை அது இரண்டு நாளில் முடியவில்லை. கியாங்சி, ஹூனான், குவாங்சி, குயிசோ என்று மாகாணம் மாகாணமாக நகர்ந்து சுங்கிங் வரை போனார்கள். வழியில் 1938இற் குயிலின் நகரிலே கடைசி மகன் பிறந்தான். போர் முடிந்த பின்னரே கீழைச் சீனத்துக்குத் திரும்பினார்கள். முழங்காலில் இருந்து கப்பலைப் பற்றிச் சொன்ன ஜான்ஜானுக்கு ஊரைவிட்டு வெளியேறும்போது வயது பதின்மூன்று. முதலாம் ஓட்டத்தில் பிள்ளை கண்டதை இரண்டாம் ஓட்டத்தில் அவன் கண்டிருக்க முடியாது. காரணமும் விளைவும் அறியும் வயது வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்கு அந்தக் கண் சில ஆண்டுகளே வாய்க்கிறது என்பதைத்தான் இந்த இரண்டு பயணங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் உணர்கிறேன்.

இப்பொழுது மூவரையும் ஒருசேர நினைத்துப் பார்ப்போம். ஒரே வள்ளத்தில், ஒரே ட்ராம் வண்டியில், ஒரே மோட்டார் வண்டியில் இரண்டு பயணங்கள் நடக்கின்றன. பெரியவர் போவது ஒன்று, பிள்ளை போவது வேறொன்று. லூ சுன்னின் தந்தை, பிள்ளையின் பயணத்தைக் காணாமல் அதை நிறுத்திவிட்டார். சூ சீச்சிங் பிரியும் நாளிலே அதிற் கொஞ்ச தூரம் கூட நடந்தார். பெங் சிகாய், துப்பாக்கிச் சத்தத்துக்கிடையிலும் பிள்ளைகள் அதைப் போய்முடித்ததைப் பிறகு அறிந்து வியந்தார். அறிந்தது பிறகுதான். ஆற்றங்கரையில் இருந்தபோது அவரும் நம்மைப் போல வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை முழங்காலில் இருந்து சொல்லும்வரை அவருக்கும் அது தெரியாது. அவருடைய பெருமை, கேட்டதும் பிள்ளையை ஏசாமல் அச்சொல்லைச் சுமந்துகொண்டு போய் எழுதியது.

என் தம்பி இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அண்மையில் தொலைபேசியில் அந்த மாமரத்தைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு நினைவிருக்கிறது. அப்பா தன் சாரத்தை அவிழ்த்து அவனுக்குப் போர்த்துவிட்டு, இரவு முழுக்க ஈர வேட்டியோடு இருந்ததும் நினைவிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. உழவு இயந்திரங்களை எண்ணிய பிள்ளை அதையும் பார்த்திருக்கிறது. பிள்ளைகள் ஒன்றும் அறியாதவர்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் வேறொன்றை அறிகிறார்கள்.

பெங் சிகாயின் ‘பிள்ளைகள்’ கட்டுரையில் வரும் ஒரு காட்சியோடு முடிக்கிறேன். ஷங்ஹாய் வாடகை வீட்டிலிருந்து குடும்பத்தைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு அவர் தனியே இருக்கிறார். வீட்டிலே பிள்ளைகளின் பழைய சப்பாத்துகள் நாலு சோடி கிடக்கின்றன. ஏனென்று தெரியாமலே அவற்றை எடுத்துத் தம் கட்டிலின் கீழே ஒழுங்காக அடுக்கி வைக்கிறார். பார்க்கும்போதெல்லாம் மனதுக்கு இதமாயிருக்கிறது. சில நாட்களில் அயல் நண்பர் ஒருவர் வந்து கட்டிலின் கீழுள்ள அச்சிறு சப்பாத்துகள் அச்சமூட்டுகின்றன என்று சொன்ன பிறகே, தம் செயல் அவருக்கும் அசட்டுத்தனமாகப் படுகிறது. சப்பாத்துகளை அங்கிருந்து எடுத்துவிடுகிறார்.

எங்கள் வீட்டு வாசலில் என் மகளின் செருப்பு வருடந்தோறும் பெரிதாகிக்கொண்டு வருகிறது. போன மாதம் மறுபடி கசூரினாவுக்குப் போனோம். புறப்படும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. பாதிவழியிலே அவளாகவே ஒரு குறளைச் சொல்லி, இதற்கு என்ன பொருள் அப்பா என்று கேட்டாள். கடல் தெரியும்வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். கடல் தெரிந்ததும் நிறுத்திவிட்டோம்.